வெட்டி எடுத்த மூன்று சுற்று

1989 பெப்ரவரி 6, திங்கள்

பனி. எட்டு மணியாகியும் வீடியோக் கடை வாசலிலிருந்து சுன்னாகம் சந்தை தெரியவில்லை. டெக் இரண்டின் தலையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பெரியது இன்னும் படத்தின் அடியில் கோடு போடுகிறது. சின்னது பிழையில்லை.

மிச்ச வேலை:
இணுவில் கலியாணம் - தலைப்பு எழுத்து எடுக்க வேண்டும்.
ஏழாலைப் பிறந்தநாள் - பாட்டுப் போட வேண்டும்.
உடுவில் கலியாணம் - பிரதி கொடுத்தாயிற்று. மூலத்தை அழித்து அடுத்த கலியாண வீட்டுக்குக் கொண்டு போகலாம்.
வெற்றுக் கசற் - நாலே நாலு.

உடுவில் மூலத்தை அழிக்க டெக்கில் போட்ட நேரம் பார்த்துச் செல்லத்துரையர் வந்தார். சீமெந்துத் தொழிற்சாலையில் இருந்து இளைப்பாறியவர். அந்தக் கலியாணத்து மாப்பிள்ளை அவருடைய தமையனின் மகன். வந்தவர் பத்து நிமிடம் வெங்காய விலை கதைத்தார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். மூத்த மகள் மலருக்கு ரொறன்ரோவில் இருந்து சம்பந்தம். மாப்பிள்ளை, தாய், தமக்கை எல்லாரும் அங்கேதான். இங்கே நெல்லியடியில் ஒரு சித்தப்பா மட்டும். அவர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். அவருக்கு இரண்டு கண்ணிலும் கட்டரக்ட், பார்வை மங்கல்.

"பொம்பிளை ஆடி அசைஞ்சு நிக்கிறதைப் பாக்க வேணுமாம் தம்பி. படம் மட்டும் போதாதாம். கலியாணக் கசற்றிலை அவள் தோழியா நிக்கிறாள்தானே. அவள் வாற இடங்களை மட்டும் சேர்த்து ஒண்டு போட்டுத் தாரும்."

ஓம் என்றேன்.

"மூண்டு சுத்துச் சுத்துற இடம் வேண்டாம்."

அதற்கும் ஓம் என்றேன். மலருக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம். இடது கால் இழுக்கும். ஊருக்கே தெரியும். ரொறன்ரோவுக்குத் தெரியாது.

பெப். 8, புதன்

மின்சாரம் ஒழுங்காக இருந்தது. காலை முழுக்க உடுவில் வேலை.

மலர் வரும் இடங்கள்: மணவறைக்குப் பக்கத்தில் விளக்கோடு நிற்பது. தாலி கட்டும்போது பின்னால் நிற்பது. பந்தியில் சிரிப்பது. வடிவான முகம். கமெராவுக்குக் கூச்சப்படாத முகம். நான் எடுத்த முகங்களில் அப்படி நாலைந்துதான் தேறும்.

அக்கினியைச் சுற்றும் இடம், டெக்கின் எண் 1412 இல் தொடங்குகிறது. முன்னால் மாப்பிள்ளை, பெண்ணின் கையைப் பிடித்தபடி. பின்னால் மலர். முதற் சுற்றில் சமாளித்துவிட்டாள். இரண்டாவதில் பின்தங்குகிறாள். மூன்றாவதில் மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கிறான். நிற்கிறான். ஐயர் கையைக் காட்டி வா என்கிறார். அவன் அசையவில்லை. ஒன்றுவிட்ட தமக்கை வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த அடி வைக்கிறான். எடுத்த அன்று நான் இதைக் கவனிக்கவே இல்லை. பற்றறி இறங்கப் போகிறதே என்ற யோசனையில் இருந்திருப்பேன்.

வெட்டினேன். ஆனால் வெட்டிய இடம் பல்லுப் போன வாய் போல இருந்தது. தாலி கட்டு, உடனே பந்தி. கலியாணம் தெரிந்த எந்தப் பெண்ணும் கேட்பாள், சுற்று எங்கே என்று.

பெப். 9, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். இணுவில் கலியாணத்துத் தோழியும் பச்சைச் சேலை. அங்கே சுற்றும்போது கமெராவைத் தாழ்த்திக் கால்களை மட்டும் எடுத்திருந்தேன். வேட்டிக் கரை, கூறைக் கரை, பின்னால் பச்சைக் கரையும் இரண்டு பாதமும். பத்து நொடி. அதைத் தூக்கி மலரின் முகத்துக்குப் பிறகு வைத்தேன். சின்ன டெக்கில் ஓட்டி, பெரிய டெக்கில் நிறுத்தி நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஐந்தாவது முறைதான் சரிவந்தது. மேலே முழுக்க நாதஸ்வரம். ஒட்டே தெரியவில்லை.

ரஞ்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "நல்லாத்தான் பொய் சொல்லுது உங்கடை மெசின்" என்றாள். கோபம் வந்தது எனக்கு. கடைக்காரன் பெண்டாட்டிக்கு வாய் கூடாது என்றேன். இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று ரொறன்ரோவுக்கு, மற்றது அவர்கள் வீட்டுக்கு.

பெப். 12, ஞாயிறு

செ.து. வந்து கடை ரீவியில் முழுதும் பார்த்தார். கால்கள் வந்த இடத்தில் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. "கெட்டிக்காரன் தம்பி நீர்" என்று தோளில் தட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

கசற் தபாலில் போகிறது. மூலத்தை அழிக்க மனம் வரவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ரஞ்சி கேட்டதற்குப் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்றேன்.

மார்ச் 14, செவ்வாய்

வெயில் தொடங்கிவிட்டது. ஏழாலைக்காரர் பாட்டை மாற்றச் சொல்கிறார்கள். மூன்றாம் தரம். பிறந்தநாள் பிள்ளைக்கு அடுத்த வயதே வந்துவிடும்.

செ.து. முகம் வாடி வந்தார். ரொறன்ரோவில் கசற் ஓடவில்லையாம். "படம் உருளுதாம். நிறமும் இல்லையாம். ஆரெண்டே தெரியேல்லையாம்."

தலையில் அடித்துக்கொண்டேன். கனடாவில் வேறு முறை. எங்கள் கசற் அவர்களின் டெக்கில் ஓடாது. ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் அனுப்பிப் பழகிய கை. அங்கே நிறம் போனாலும் ஆளாவது தெரியும். கனடா எனக்கு இதுதான் முதல். வெள்ளவத்தையில் ஒரு கடையில் மாற்றிக் கொடுக்கிறார்கள். பிரதியைக் கொழும்புக்கு அனுப்பி, மாற்றி, அங்கிருந்து கொண்டு போக வேண்டும்.

"நெல்லியடியிலை ஒராள் வாற திங்கள் வெளிக்கிடுறார், ரொறன்ரோவுக்குத்தான். கொழும்பிலை ரண்டு கிழமை நிப்பாராம். அவரிட்டைக் குடுத்து விடுவம். அதே கசற்றைத் திருப்பி அடிச்சுத் தாரும்."

அவர் போன பிறகு ஏதோ நெஞ்சுக்குள் இளகியது. அந்தக் கால்களை ரொறன்ரோவில் இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. என் பிழை ஒன்று இன்னொரு பிழையை மறித்து வைத்திருக்கிறது.

மார்ச் 16, வியாழன்

மலர் வந்தாள். கடைக்குள் வேறு ஆளில்லை. தையல் வகுப்புக்குப் போகும் வழியாம். பையில் இருந்து வீட்டுப் பிரதியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அண்ணை, இதிலை வாறது ஆரின்ரை கால்?"

ஒப்புக்கு, "உங்கடைதான் தங்கச்சி" என்றேன். வெட்கம் கெட்டவன்.

"நான் கொலுசு போடுறேல்லை அண்ணை. போட்டால் ரண்டு காலும் ரண்டு தாளம் போடும். உந்தக் காலிலை கொலுசு கிடக்கு."

பத்து நொடியை நூறு முறை ஓட்டிப் பார்த்தவன் நான். கொலுசு தெரியவில்லை எனக்கு. நாதஸ்வரம் போட்டதில் சத்தமும் போய்விட்டது. கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் இருக்கவில்லை.

சொன்னது இது. ரொறன்ரோ மாப்பிள்ளை முதற் கடிதம் எழுதியவுடனேயே, தகப்பனுக்குத் தெரியாமல், கால் விஷயத்தை அவள் எழுதிவிட்டாள். இப்போது பதில் வந்திருக்கிறது. சொன்னதற்குச் சந்தோஷமாம். தாய்க்கும் தமக்கைக்கும் அவர் இன்னும் சொல்லவில்லையாம். வாயால் சொன்னால் தாய் பெரிதாக நினைத்துவிடுவா, கசற்றில் நடப்பதைப் பார்த்தால் இவ்வளவுதானே என்று விளங்கும், அதற்குத்தான் கசற் கேட்டாராம்.

"இப்ப உந்தக் காலைக் கண்டால் அவர் என்ன நினைப்பார்? நான் பொய் எழுதினனான் எண்டோ? இல்லாட்டி வேற பொம்பிளையைத் தள்ளிவிடப் பாக்கினம் எண்டோ?"

மேசையில் கிடந்த பிரதியை ஒரு பக்கம் தள்ளி வைத்தேன்.

"மூண்டு சுத்தும் இருக்கோ உங்களிட்டை?"

மேல்தட்டில் இருந்து மூலத்தை எடுத்துப் போட்டுக் காட்டினேன். நின்றபடியே பார்த்தாள். மூன்றாம் சுற்றில் அவளுடைய பெரியப்பா மகன் சிறீ நின்று திரும்பும் இடம் வந்தது. "சிறீ நிண்டவனோ? எனக்குத் தெரியாது. நான் நிலத்தைப் பாத்துக்கொண்டெல்லோ போனனான்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பிறகு, "இதை வெட்டாமல் போடுங்கோ. அப்பாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம். நான் பிறகு சொல்லுவன்" என்றாள்.

ஓம் என்றேன். அன்று தகப்பனுக்கும் ஓம். இன்று மகளுக்கும் ஓம். ஓம் சொல்வதற்கென்றே பிறந்தவன்.

மார்ச் 18, சனி

காலையில் சரியான பிரதியை எடுத்தேன். மூன்று சுற்றும் முழுக்க. நாதஸ்வரம் போடவில்லை, அங்கே இருந்த சத்தமே போதும். பத்து மணிக்கு முடிந்தது. பக்கத்தில் மலர் வைத்துவிட்டுப் போன பழைய பிரதியும் கிடந்தது. இரண்டும் ஒரே நிறப் பெட்டி. அடையாளத்துக்குச் சரியானதில் மூலையில் ஒரு புள்ளி வைத்தேன்.

பதினொன்றுக்கு செ.து. வந்தார். "அடிச்சாச்சோ? நெல்லியடிக்குப் போற வழி, கையோடை குடுத்திட்டு வாறன்." மேசையில் இரண்டும். அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

தெரியாமல் மாறிக் கொடுத்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தப் பக்கத்தைத் திறந்தேன். பொய். புள்ளி இல்லாததைப் பார்த்து எடுத்துத்தான் கொடுத்தேன். போட்டுக் காட்டும் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். கேட்கவே இல்லை அவர்.

பின்னேரம் மூன்று மணிக்கு மலர் வாசலில். உள்ளே வரவில்லை. "போட்டாச்சோ அண்ணை?"

"ஓம். ஐயா கொண்டு போயிட்டார். எல்லாம் முழுக்க இருக்கு."

கும்பிட்டாள். கும்பிட்டே விட்டாள். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கிணற்றடியில் இரண்டு மடங்கு தண்ணீர் அள்ளி வார்த்தேன்.

மார்ச் 19, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஏழாலைப் பாட்டு முடிந்தது. பெரிய டெக் இன்னும் கோடு.

உச்சிவெயிலில் மலரின் தங்கை வந்தாள், ரஞ்சியிடம் சட்டை வெட்டும் அளவுத் தாள் வாங்க. குசினிக்குள் கதை. "அக்காவும் ஒரு கடிதம் எழுதி நெல்லியடிக்குக் குடுத்து விட்டவ. கசற்றிலை மூண்டாம் சுத்தை வடிவாப் பாக்கச் சொல்லி எழுதினவ. எனக்குத்தான் வாசிச்சுக் காட்டினவ."

சோற்றில் கை வைத்தபடி இருந்துவிட்டேன். கடிதமும் அந்தக் கசற்றும் ஒரே பொதியில் போகின்றன. மூன்றாம் சுற்றைப் பாருங்கோ என்று அவள் எழுத, அவர்கள் பார்ப்பது இணுவில் கொலுசை. அவளைப் பொய்க்காரி ஆக்க இதைவிட நல்ல வழி நான் யோசித்தாலும் வராது.

ரஞ்சியிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நாளைக்கு அந்தப் பிரயாணக்காரருக்கு எத்தினை மணிக்கு பஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 20, திங்கள்

விடிய ஐந்தரைக்குச் சைக்கிள். புள்ளி வைத்த கசற் துணிப்பையில். எதிர்க்காற்று. மூன்று காவல் சென்றியில் இறங்கி உருட்டினேன். ஒரு சென்றியில் இந்திய ஆமிக்காரன் கசற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாலை போடுவதுபோலக் கையால் காட்டினேன். சிரித்துவிட்டுத் தந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நெல்லியடியில் எட்டரை. பொதியைத் துணியால் மூடித் தைத்து மேலே விலாசமும் எழுதியாயிற்று. உள்ளே பனம் பினாட்டு, மிளகாய்த்தூள், மலரின் கடிதம், கசற். பிரயாணக்காரர் முகம் சுளித்தார். சத்தம் பதியாத பிரதியைத் தவறிக் கொடுத்துவிட்டேன் என்றேன். பொய்க்கு மேல் பொய். அவர் மனைவி கத்தரிக்கோல் எடுத்து ஒரு பக்கத் தையலை வெட்டினா. மாற்றி வைத்தேன். திரும்பவும் தைத்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

"நல்ல காலம் வந்தீர். இல்லாட்டி அங்கை சத்தமில்லாமல் எல்லோ பாத்திருப்பினம்."

திரும்பி வரும்போது கால் உளைந்தது. மனம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். அரைவாசிதான். செ.து.விடம் சொல்ல வேண்டும். மலர் சொல்வாள்தானே என்று விட்டுவிட்டேன்.

மே 9, செவ்வாய்

நல்ல புழுக்கம். டெக்குக்குள் ஒரு பல்லி. எடுக்க அரை மணி.

செ.து. வந்தார். கதிரையில் இருக்கவில்லை. கையில் மாப்பிள்ளையின் தமக்கை எழுதிய கடிதம். பெண் கால் இழுத்து நடப்பதைக் கசற்றில் பார்த்தார்களாம். தாய் வேண்டாம் என்றுவிட்டாவாம். ஒளித்துச் செய்யாமல் காட்டியதற்கு நன்றி என்று கடைசி வரி.

"தம்பி, என்ரை கையாலை கொண்டு போய்க் குடுத்த கசற்றிலை அது இல்லையே?"

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. "தெரியேல்லை ஐயா" என்றேன்.

"அப்ப அவள்தான். அவள்தான் ஆரையோ பிடிச்சு மாத்தியிருக்கிறாள். தன்ரை தலையிலை தானே மண்ணை அள்ளிப் போட்டிட்டாள்."

அவர் போன பிறகு அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதைவிட இன்னொன்று. சரியான கசற் போனதால்தான் சம்பந்தம் முறிந்தது. இணுவில் கால் போயிருந்தால் அவள் இப்போது கொழும்பில் விசாவுக்கு நின்றிருப்பாளோ? இல்லை, மாப்பிள்ளைக்குத்தான் உண்மை தெரியுமே. எந்தப் பக்கம் புரட்டினாலும் என் கைதான் தெரிகிறது.

மே 13, சனி

கோப்பாய்க் கலியாணம் நாளை மறுநாள். பற்றறி இரண்டும் ஏற்ற வேண்டும்.

ரஞ்சி சந்தையால் வந்து மரக்கறிப் பையை இறக்கவும் இல்லை. "செல்லத்துரையர் மலரோடை கதைக்கிறேல்லையாம். நாலு நாளாத் தன்ரை தமக்கை வீட்டிலைதான் சாப்பாடாம். அந்தப் பிள்ளை ஆர் மாத்தினது எண்டு வாயே திறக்கேல்லையாம். அழவும் இல்லையாம்."

நான் பற்றறிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் இன்னும் எத்தினை நாளைக்கு உதைத் துடைக்கப் போறியள்?"

மே 14, ஞாயிறு

காலையிலேயே உடுவிலுக்குப் போனேன். செ.து. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். வரம்பில் நின்றே சொன்னேன்.

"ஐயா, கசற்றை மாத்தினது நான். மலர் இல்லை. முதல் நீங்கள் கேட்டதைத்தான் தந்தனான். பிறகு திங்கட்கிழமை நெல்லியடிக்குப் போய் நான்தான் மாத்தினனான்."

மண்வெட்டியை நட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஏச்சுக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். சத்தம் போடவில்லை. வெங்காய விலை சொல்வதுபோல, நிதானமாகச் சொன்னார்.

"நான் வெட்டத்தான் சொன்னனான், தம்பி. இன்னொருத்தியின்ரை காலை வைக்கச் சொல்லேல்லை."

உண்மை. அவர் சொல்லவில்லை. அது என் கெட்டித்தனம்.

"கண்டனான். கண்டும் பேசாமல் இருந்தனான். அது என்ரை பிழை. மற்றது உம்முடையது" என்றார். பிறகு வாய்க்காலைத் திருப்பப் போய்விட்டார். வீட்டுப் பக்கம் பார்த்து, "பிள்ளை, எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி போடு" என்று கூப்பிட்டார். ஐந்து நாளைக்குப் பிறகு மகளோடு முதற் கதை அது என்று பிறகுதான் விளங்கியது.

மலர் கிணற்றடியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. கிட்ட வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

"திங்கட்கிழமையோ மாத்தினனீங்கள்?"

"ஓம் தங்கச்சி."

"சனிக்கிழமை எல்லோ நான் கடை வாசலிலை வந்து கேட்டனான். போட்டாச்சு எண்டனீங்கள். கும்பிட்டிட்டு எல்லோ வந்தனான்."

நிலத்தைப் பார்த்தேன்.

"நீங்கள் சொன்ன சொல்லுக்கு நிண்டனீங்கள், உங்களைக் காட்டிக் குடுக்கக்கூடாது எண்டுதான் இத்தினை நாளும் அப்பாவுக்கு வாய் திறக்கேல்லை, அண்ணை."

தேத்தண்ணி போட உள்ளே போனாள். எனக்கும் கொண்டு வருவாள் என்று தெரியும். அதற்கு முன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.